முட்டை வண்டி இழுத்த தஸ்தகீர் அண்ணாச்சி

வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழையக் கை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் போன் வந்திருப்பதாக வரவேற்பறையிலிருந்து ஆள் வந்து சொன்னார். ஈரக் கையோடு போய் எடுத்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து தஸ்தகீர் அண்ணாச்சியின் மூத்த மகள் மும்தாஜ் பேசினாள்.

“அத்தை, அத்தா மௌத்தாயிட்டாங்க. விடியக்காலை தொழுதுட்டு மறுபடி படுத்தாங்க. எழுப்பினா எழுந்திரிக்கல. ஜும்மாவுக்கு அப்புறம் எடுக்கறாங்க. நீங்க வந்துடுங்க.”

வருகிறேன் என்றேன். ஆனால் உடனே கிளம்ப முடியவில்லை. கண்ணில் மருந்து விட்டு மூன்று பேரைப் படுக்க வைத்திருந்தோம். அந்த மூன்று ஆபரேஷன்களும் முடிந்த பிறகுதான் ஓசூர் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். கிருஷ்ணகிரியில் அவர் வீட்டை அடைந்தபோது தூக்கும் நேரம். பெண்கள் வழிவிட்டு என்னை முன்னால் நிறுத்தினார்கள். முகம் பார்த்தேன். பிறகு ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலை நோக்கி நடந்தார்கள். தெருமுனை வரை போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நம் மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்தவர்களில் பலர் இன்று வெவ்வேறு ஊர்களில் இருக்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோருக்கு அவர் முகாம் வண்டியின் டிரைவர். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அதில் என் தவறும் இருக்கிறது.

அண்ணாச்சியின் சொந்த ஊர் குருபரப்பள்ளி. இளவயதில் லாரி ஓட்டினார். ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தபோது, தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டும் செய்யும் பைபர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அந்த முதலாளி வெளிநாட்டில் கார் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்து, தமக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். அண்ணாச்சியும் இன்னும் நான்கு பேரும் அச்சு செய்து, மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று என வார்த்து, இரண்டையும் நடுவில் சேர்த்து அதைச் செய்து கொடுத்தார்கள். உள்ளே படுக்கை, சமையல் மேடை, ஜன்னல் எல்லாம் இருந்தன. முதலாளி குடும்பம் அதில் மைசூருக்கு ஒரு தடவையும் ஊட்டிக்கு ஒரு தடவையும் போனது. இரண்டாவது பயணம் முடிந்து வந்த முதலாளியின் மனைவி, இனி இதில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதன்பின் கம்பெனியின் பின்புறம் வேப்பமரத்தடியில் கிடந்த வண்டியை நம் தர்ம கண் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். “இத பாத்துக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான், இவனையும் வெச்சுக்கங்க” என்று அண்ணாச்சியையும் கூடவே அனுப்பினார்கள்.

கண் பரிசோதனைக்கு இருட்டறை வேண்டும். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் அது கிடைக்காது. இந்த வண்டியில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டால் போதும், பட்டப்பகலிலும் நல்ல இருட்டு. படுக்கை பரிசோதனைப் பெஞ்சு ஆயிற்று. சமையல் மேடை மருந்து மேடை ஆயிற்று. வெள்ளையாக, மூலைகளே இல்லாமல் உருண்டு இருந்ததால் ஊர்க்காரர்கள் அதை முட்டை வண்டி என்றார்கள். கன்னடம் பேசும் ஊர்களில் மொட்டெ காடி.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். என் கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் ஓசூருக்கு வந்தோம். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் முதல் நாளே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். “இங்க அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரர் சிஸ்டர்” என்று சிரித்தார். ஆனாலும் அப்படியே கூப்பிட்டேன். அவரும் திரும்பிப் பார்த்தார்.

என் முதல் முகாம் கிருஷ்ணகிரிக்கு அப்பால் நாகரசம்பட்டியில். சாமான் ஏற்றும் வேலை எனக்கு. வண்டியின் கதவு பின்பக்கம் இருந்ததால் தண்ணீர் டிரம், கண்ணாடிப் பெட்டிகள், கருவிகளைக் கொதிக்கவைக்கும் கலன் எல்லாவற்றையும் கதவோரத்திலேயே அடுக்கிவிட்டேன். அண்ணாச்சி டீசல் போடப் போயிருந்தார். சூளகிரி தாண்டிய இறக்கத்தில் எங்கள் ஜீப்பை ஒரு லாரி முந்தியது. அதன் காற்று பட்டதும் பின்னால் முட்டை வண்டி ஆடத் தொடங்கியது. இடதும் வலதுமாக அது வீச வீச, ஜீப்பின் பின்பகுதியும் சேர்ந்து ஆடியது. “பிரேக் போடுங்க அண்ணாச்சி!” என்று கத்தினேன். அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. ஓரமாக நிறுத்தி இறங்கினார்.

திட்டுவார் என்று நினைத்தேன். கதவைத் திறந்து பார்த்தார். டிரம்மைத் தாமே உருட்டி முன்பக்கம், சக்கரத்துக்கு மேலே கொண்டுவந்தார். பெட்டிகளை நகர்த்த நானும் சேர்ந்துகொண்டேன். எல்லாம் முடிந்ததும், “கனம் முன்னாடி இருக்கணும் சிஸ்டர். வாலுல கனம் வெச்சா வாலு நம்மள இழுத்துக்கினு போயிடும்” என்றார். “பிரேக் ஏன் போடல?” என்று கேட்டேன். “ஆடறப்ப பிரேக் போட்டா வண்டி மடிஞ்சு உழும். நம்ம வேகம் எவ்வளவு இருக்கணும்னு பின்னாடி வர்றத கேட்டுத்தான் ஓட்டணும்.”

முகாம் இல்லாத நாட்களில் அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சக்கரத்தைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைப்பார். கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் துடைப்பார். வெயிலில் வெள்ளை வண்ணம் மாவு போல உதிராமல் இருக்க மெழுகு தேய்ப்பார். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் என்னை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மேலே ஏறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். எங்கே சொட்டுகிறதோ அங்கே நான் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். ஒரு வருஷம் டாக்டர் அம்மா, எழுத்து அட்டை மாட்டுவதற்காகச் சுவரில் நாலு ஸ்குரூ முடுக்கியிருந்தார். அந்த நாலு இடத்திலும் வட்டம். அண்ணாச்சி நேரே டாக்டர் அறைக்குப் போனார். “பைபர் அழுகாதுங்கம்மா. அதுக்குள்ள இருக்கற பலகை அழுகும். தண்ணிக்கு ஊசி ஓட்டை போதும். இனிமே ஆணி அடிக்கறதுன்னா எங்கிட்ட சொல்லிட்டு அடிங்க” என்றார். டாக்டர் அம்மாவிடம் அப்படிப் பேசுகிறவர் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. அவர் சரி என்று தலையாட்டினார்.

இனி அஞ்செட்டி முகாமுக்கு வருகிறேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டு வழியாக இறங்கிப்போக வேண்டிய ஊர் அது. பஸ் அபூர்வம். அன்று முகாம் நன்றாக நடந்தது. ஓசூரில் ஆபரேஷன் இருந்ததால் டாக்டர் அம்மா மற்றவர்களோடு மதியமே வேறு ஜீப்பில் திரும்பிவிட்டார். நானும் அண்ணாச்சியும் மட்டும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஊர்க்காரர் ஒருவர் அன்போடு பெரிய பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதை மருந்து மேடைக்குக் கீழே வைத்தேன்.

மூன்று மணி இருக்கும். ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. மாதம்மா என்ற பெண்ணை அவள் கணவர் கைத்தாங்கலாக இறக்கினார். நாற்பது வயதுகூட இருக்காது. தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். இடது கண்ணில் பார்வை போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இப்போது வலது கண் ரத்தமாகச் சிவந்து கலங்கியிருந்தது. இமைமேல் விரல் வைத்துப் பார்த்தேன். கல் போல இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்று புரிந்தது.

“ஒந்து கண்ணு ஹோய்து சிஸ்டரம்மா” என்றார் கணவர். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது என்கிறார். “இதுவும் போச்சுன்னா இவ எப்பிடி இருப்பா? மாடு கன்னுக இவள நம்பித்தான் இருக்குது.”

கையிலிருந்த மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்தேன். அதற்குமேல் அங்கே செய்ய ஒன்றுமில்லை. அன்றைக்கே டாக்டர் அம்மாவின் கைக்கு அவள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இருவரையும் ஜீப்பில் ஏற்றினோம். பின்னால் முட்டை வண்டி.

ஏற்றம் தொடங்கியதும் தூறல் பிடித்தது. சேற்றில் ஜீப்பின் சக்கரம் வழுக்கியது. முதல் கியரிலேயே ஊர்ந்துபோனோம். பாதி மலை ஏறுவதற்குள் ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. அண்ணாச்சி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். மாதம்மா என் மடியில் தலை வைத்துக்கொண்டு, “நன் கண்ணு, நன் கண்ணு” என்று தன் கண்ணைச் சொல்லி முனகிக்கொண்டேயிருந்தாள்.

நான் இறங்கி அண்ணாச்சியிடம் போனேன். “இப்படியே போனா எப்ப சேருவோம்?”

“இதோட போனா எட்டு மணி ஆயிடும்.”

“இத இங்க விட்டுட்டுப் போயிருவோம் அண்ணாச்சி.”

அவர் என்னைப் பார்த்தார். முட்டை வண்டியை எந்த இடத்திலும் தனியாக விட்டு வரக் கூடாது என்பது மருத்துவமனைச் செயலாளரின் கண்டிப்பான உத்தரவு. அது எங்கள் இருவருக்கும் தெரியும். “நாந்தான் சொல்லுதேன். கழத்துங்க” என்றேன்.

சாலை அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். நாலு முட்டுக்கால்களையும் இறக்கினார். கொக்கியை விடுவித்து, சங்கிலியை ஒரு மரத்தோடு சேர்த்துப் பூட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதன்பின் ஜீப் பறந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஓசூர் வந்துவிட்டோம். டாக்டர் அம்மா உடனே தியேட்டருக்குள் கொண்டுபோனார். வெளியே வந்தபோது, “இன்னும் தாமதமாகியிருந்தா கஷ்டம்” என்றார்.

காலையில் வண்டியை எடுக்கப் போனோம். அது பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. பக்கச்சுவர் ஆள் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. உள்ளே மருந்து மேடை நொறுங்கிக் கிடந்தது. சேறெல்லாம் முறம் முறமாக யானைக் காலடி. பலாப்பழத்தின் வாசம் மட்டும் பாக்கி. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

மறுநாள் செயலாளர் எங்களை அழைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. வண்டியைக் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்.

“விட்டுட்டு வரலாம்னு யார் சொன்னது?”

நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி சொன்னார்: “நான்தான் சார் கழட்டினேன்.”

“பழத்த யார் உள்ள வச்சது?”

“அதுவும் நான் பாத்திருக்கணும் சார்.”

நான் நின்றுகொண்டிருந்தேன். என் கணவரின் தொழிற்சாலையில் லாக்அவுட் அறிவித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. என் வேலை நிரந்தரமாகவில்லை. அந்தச் சம்பளம் ஒன்றில்தான் வீட்டில் உலை ஏறியது. இதெல்லாம் காரணங்கள். ஆனால் நடந்தது என்னவென்றால், நான் பேசவில்லை. அண்ணாச்சியை ஜீப்பிலிருந்து இறக்கி ஜெனரேட்டர் அறைக்கு மாற்றினார்கள். முகாம்கள் நின்றன.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பழுதான வண்டியை வெளியே விற்காமல் தம்மிடம் விட வேண்டும். மருத்துவமனையின் பின்பக்கத் தகரக் கொட்டகையில், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அதைச் சரி செய்யத் தொடங்கினார். பிளந்த விளிம்புகளைத் தேய்த்துச் சரிவாக்கி, கண்ணாடி நார் விரிப்பை வெட்டி வைத்து, ரெசினைத் தடவி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்துவார். காய்ந்ததும் அடுத்த விரிப்பு. அந்த நார்த் தூசி தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். இரண்டு கைகளிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வேலை செய்தார்.

ஒரு மாதம் கழித்து அங்கே போய் நின்றேன். “அண்ணாச்சி, நாந்தான் கழத்தச் சொன்னேன்னு செயலாளர்ட்ட சொல்லிருதேன்.”

அவர் நிமிரவில்லை. “என்னாத்துக்கு?”

“மனசு கேக்கல.”

“நீங்க சொன்னீங்க. கை என்னுது. எனக்கு இஷ்டமில்லாம கழட்டி இருப்பனா? எனக்கு வேலை போகல, இடம்தான் மாறி இருக்குது. உங்களுக்கு வேலையே போயிடும். போய் வார்டப் பாருங்க சிஸ்டர்.”

போய்விட்டேன். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

இன்னும் சில வாரங்கள் கழித்து மாதம்மா பரிசோதனைக்கு வந்தாள். வலது கண்ணில் பார்வை நன்றாக இருந்தது. டாக்டர் அம்மா காட்டிய அட்டையில் படங்களை எல்லாம் சொன்னாள். பிறகு, “மொட்டெ காடி அண்ணா எல்லி?” என்று, அண்ணாச்சி எங்கே எனக் கேட்டாள். கொட்டகைக்கு அழைத்துப்போனேன். அண்ணாச்சி முகமெல்லாம் வெள்ளைத் தூசியோடு எழுந்து நின்றார். அவள் கிட்டப் போய் அவரை உற்றுப் பார்த்தாள். வலியில் அன்று அவள் அவரைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை, குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைகூப்பினாள். அண்ணாச்சி தடுமாறிப்போய், எண்ணெயும் தூசியுமான கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மாடு கன்று எல்லாம் சுகமா என்று கன்னடத்தில் விசாரித்தார்.

அங்கிருந்து நேரே செயலாளர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். “அன்னைக்கே ஏன் சொல்லல?” என்றார். “பயம் சார்” என்றேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். இரண்டாம் நாள் எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை. அதற்கடுத்த வாரம் அண்ணாச்சி மீண்டும் ஜீப்பில் ஏறினார். வண்டியும் தயாராகியிருந்தது.

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஓசூரிலிருந்து கிளம்பி சூளகிரி வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நானே கேட்டேன். “கோவமா அண்ணாச்சி?”

“பின்ன? ஒரு வார்த்த சொன்னா அது நிக்கணும். எல்லார் முன்னாடியும் என்னைப் பொய்யன் ஆக்கிட்டீங்க.”

எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு அவர் குரல் இறங்கியது.

“செயலாளரு என்னா சொன்னாரு?”

“மெமோ குடுத்தாரு.”

“வேலை?”

“இருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். குருபரப்பள்ளியில் ஜீப்பை நிறுத்தி, இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. பல வருஷங்கள் நாங்கள் சேர்ந்து ஊர் ஊராகப் போனோம். பிறகு மருத்துவமனைக்குப் பெரிய வேன் வந்தது. முட்டை வண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. சர்க்கரை நோய் கூடியதால் அண்ணாச்சியும் வேலையை விட்டுக் கிருஷ்ணகிரியில் மகள் வீட்டோடு தங்கிவிட்டார். போன ரம்ஜானுக்குப் போனபோது தட்டு நிறைய வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அதுவே கடைசி.

எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு தெலுங்கு வாக்கியம்.

முகாம்களில் இருட்டறைக்குள் நுழைய வயதானவர்கள் பயப்படுவார்கள். அண்ணாச்சி வரிசை நெடுக நடந்து ஒவ்வொருவரிடமும் குனிந்து, உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்வார். இருட்டாக இருக்கும், கண்ணில் வெளிச்சம் அடிப்பார்கள், வலிக்காது. தமிழில், கன்னடத்தில், தெலுங்கில். பாகலூர்ப் பக்கம் போனால் தெலுங்கு பேசும் கிழவிகளிடம், “பயபடொத்து ரா” என்பார், பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். கிழவிகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. அவரைக் கேட்டுக் கேட்டு நானும் அதையே சொல்லக் கற்றுக்கொண்டேன். ஆண் பிள்ளைகளை ‘டா’ போட்டுக் கூப்பிடுவது போன்றது அந்த ‘ரா’, வயதான பெண்களிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. குருபரப்பள்ளியில் தெலுங்குக்காரர்களோடு வளர்ந்த அவருக்கு இது தெரியாதா என்று ஒரு நாள் கேட்டேன். “சிரிச்சிக்கினே உள்ள போறாங்க இல்ல?” என்றார்.

அடக்கம் முடிந்து வந்த மறுநாள் தியேட்டர் வாசலில் ஒரு மூதாட்டி, பச்சை அங்கி போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். பாகலூருக்கு அந்தப் பக்கத்து ஊர். நான் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே நடக்கப்போவதை எல்லாம் சொன்னேன். கடைசியில், “பயபடொத்து ரா” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். சிரித்தபடியே உள்ளே போனார்.